தட்டைப் பலகையிலிருந்து மரக் கிண்ணம்: வளையம் அறுத்து அடுக்கும் முறை

கேள்வி இது: கதவு, ஜன்னல் வேலை முடிந்து முக்கால் அங்குலத் தேக்குப் பலகைகள் சில மிஞ்சியிருக்கின்றன. கிண்ணம் கடையும் அளவுக்குப் பெரிய கட்டை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. பலகையை வளையங்களாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிண்ணமாக்கலாம் என்கிறார்கள். அது நிற்குமா? எந்தக் கோணத்தில் அறுக்க வேண்டும்? கடைசல் இயந்திரம் இல்லாமல் முடியுமா?

நிற்கும். என் வீட்டில் பழம் வைக்கும் கிண்ணம் அப்படிச் செய்ததுதான். பதினோரு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஓர் ஒட்டுகூட விடவில்லை. அது என் கைத்திறமையால் அல்ல. பலகையின் முகமும் முகமும், அதாவது அகன்ற பக்கமும் அகன்ற பக்கமும், சேரும் ஒட்டு, மர ஒட்டுகளிலேயே வலுவானது. அப்படிச் சேர்த்த இரண்டு துண்டுகளை உடைத்துப் பார்த்தால் பசை விடாது, பக்கத்து மரம்தான் பிய்யும். வளையக் கிண்ணத்தில் எல்லா ஒட்டும் இந்த வகை. அதனால் உங்கள் கவலை பசையைப் பற்றி இருக்க வேண்டாம். முகம் தட்டையாக இருக்கிறதா, நார் ஓடும் திசை ஒன்றாக இருக்கிறதா என்ற இரண்டைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.

பழைய வீடுகளில் இருந்த மரவை என்ற மரப் பாத்திரம் ஒரே கட்டையைக் குடைந்தது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிறவர்களும் கட்டையில்தான் கடைகிறார்கள். சொப்பு சிறியது, சின்னக் கட்டை போதும். கிண்ணம் பெரிதாகும்போதுதான் சிக்கல். 250 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கிண்ணத்துக்குக் கட்டையாக எடுத்தால் 6,250 கன சென்டிமீட்டர் மரம் வேண்டும். அதில் பெரும்பகுதி சுருளும் தூளுமாகத் தரையில் விழும். பச்சைக் கட்டை என்றால் காய வேண்டும். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு; நான்கு அங்குலக் கட்டைக்கு நான்கு ஆண்டு. அதற்குள் நடுவில் வெடித்துவிடவும் கூடும். அதே கிண்ணத்துக்கு 250 மில்லிமீட்டர் சதுரத்தில் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு பலகை போதும். 1,250 கன சென்டிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கு. உங்களிடம் இருப்பது ஏற்கெனவே காய்ந்த பலகை என்பது இன்னொரு வசதி.

ஒரு தட்டைப் பலகை எப்படி நான்கு அங்குல உயரமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பலகையில் ஒரே மையம் கொண்ட வட்டங்களை வரைந்து, ரம்பத்தை நேராகப் பிடிக்காமல் மையத்தை நோக்கிச் சாய்த்து அறுக்கிறோம். அப்போது ஒவ்வொரு வளையமும் மேலே அகன்றும் கீழே குறுகியும் வரும். பெரிய வளையத்தின் கீழ் விட்டமும், அதற்குள்ளிருந்து வந்த அடுத்த வளையத்தின் மேல் விட்டமும் சமமாக இருந்தால், ஒன்றன்மேல் ஒன்று படி இல்லாமல் பொருந்தும். காகிதக் குவளைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருப்பதை வெளியே உருவி அடுக்குவதுபோல.

கோணம் இதிலிருந்தே வருகிறது. ஒரு காகிதத்தில் பலகையின் தடிமனைச் செங்குத்துக் கோடாக வரையுங்கள். அதன் மேல்முனையிலிருந்து, வட்டக் கோட்டுக்கும் அடுத்த வட்டக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் படுக்கைக் கோடாக வரையுங்கள். இரண்டின் முனைகளையும் இணைத்தால் கிடைக்கும் சாய்வுதான் ரம்பம் போகவேண்டிய வழி. செங்குத்துக் கோட்டிலிருந்து அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கோணமானியால் அளந்துகொள்ளலாம். 20 மில்லிமீட்டர் பலகையில் 10 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 26.6 பாகை. 12 என்றால் 31. 15 என்றால் ஏறக்குறைய 37. இடைவெளியும் 20 என்றால் 45. ரம்பம் தின்னும் மரத்தைத் தனியாகக் கழிக்க வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். வேண்டாம். வளையத்தின் அகலத்தை அளக்காமல் கோட்டுக்குக் கோடு அளந்தால் அந்தக் கழிவு கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். வளையம் மட்டும் கோட்டு இடைவெளியைவிடச் சற்று மெலிந்து வரும், பொருத்தம் மாறாது.

இந்த எண்கள் கிண்ணத்தின் உருவத்தையும் முடிவு செய்கின்றன. 250 மில்லிமீட்டர் பலகையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் நான்கு வளையமும் 90 மில்லிமீட்டர் அடித்தட்டும் கிடைக்கும். உயரம் 100, வாய் அகன்ற கிண்ணம். அதே பலகையில் 12 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் ஆறு வளையமும் 106 மில்லிமீட்டர் அடித்தட்டும். உயரம் 140, நெட்டுக்குத்தான கிண்ணம். வளையம் மெலிந்தால் கிண்ணம் உயரும், ஆனால் சுவர் மெலியும். 45 பாகையில் சுவரின் உண்மையான கனம் 14 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 31 பாகையில் 10-க்கும் கீழே. கடைந்து சீராக்க அதற்குள்தான் இடம் இருக்கிறது.

இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் ஏமாற்றமாகும்: ஒரே கோணத்தில் அறுத்த கிண்ணம் புனல் போன்றது. அதன் பக்கம் நேர்கோடு. அழகான வயிறு வேண்டும் என்று உளியை ஆழமாகச் செலுத்தினால் சுவர் ஓட்டையாகும். வளைவு வேண்டுமென்றால் இரண்டு பலகை எடுங்கள். முதல் பலகையில் 31 பாகையில் 125, 113 ஆரங்களில் தொடங்கும் இரண்டு வளையங்கள். இரண்டாவது பலகையை 101 ஆரத்தில் தொடங்கி 45 பாகையில் அறுத்து மீதி வளையங்களும் அடியும். வாய்ப்பக்கம் நிமிர்ந்து, அடிப்பக்கம் விரிந்த ஒரு முறிவு கிடைக்கும். அந்த முறிவைக் கடைந்து மழுக்கினால் உண்மையான கிண்ண வளைவு வந்துவிடுகிறது. மரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முடிந்த கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது அது புனலாக இல்லாமல் உள்ளங்கையில் உட்காரும். எனக்கு அதற்காக எவ்வளவு மரமும் தகும்.

அறுப்பதற்கு இரண்டு வழி. ஸ்க்ரோல் ரம்பம் (மெல்லிய அலகு மேலும் கீழும் ஆடி அறுப்பது) இருந்தால், ஒவ்வொரு வட்டக் கோட்டின்மேலும் ஓர் ஊசித்துளை போட்டு, அலகை அதற்குள் கோத்து வட்டமாக அறுக்கலாம். துளையும் அதே சாய்வில், மையத்தை நோக்கி இறங்க வேண்டும். நேராகப் போட்டால் வளையத்தில் வடு விழும். 45 பாகையில் 20 மில்லிமீட்டர் பலகையை அறுக்கும்போது ரம்பம் உண்மையில் 28 மில்லிமீட்டர் மரத்தைக் கடக்கிறது. மெல்லிய அலகு தேக்கில் வளைந்துகொடுக்கும். ஆகவே ஸ்க்ரோல் ரம்பத்துக்கு 26 முதல் 31 பாகைக்குள் நில்லுங்கள். பேண்ட்சா (பட்டை அலகு சுற்றி ஓடி அறுப்பது) இருந்தால் வழி வேறு: பலகையை நார் ஓடும் திசையில் நடுவாகப் பிளந்து, வெட்டுமுகங்களை இழைத்து, இரண்டு பாதிகளிலும் அரைவட்டங்களாக அறுத்து, பிறகு பாதிகளைச் சேர்த்து வளையமாக்குவது. துளையே தேவையில்லை. 6 மில்லிமீட்டர் அகல அலகு இந்த வட்டங்களுக்கு நன்றாகத் திரும்பும். நாரோடு பிளந்திருப்பதால் அந்த ஒட்டும் வலுவாக இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. நான் பேண்ட்சாவையே விரும்புகிறேன்.

மேசையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் எல்லோரும் ஒருமுறை தவறுவார்கள். பலகையின் மையம் எப்போதும் மேசையின் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். உறுதி செய்துகொள்ள, ஒரு கழிவுப் பலகையில் சின்ன வட்டம் ஒன்றை அறுத்துப் பாருங்கள். வெட்டிய வட்டு தக்கைபோல மேலிருந்து உட்கார்ந்து, கீழே விழாமல் நின்றால் சரி. கீழே நழுவி விழுந்தால் சாய்வு தலைகீழ்.

அறுக்கும் முன்பே பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நார் ஓடும் திசையில் ஒரு பென்சில் கோடு போட்டுவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். மரம் நாரின் நீளத்தில் அநேகமாக அசையாது, குறுக்கே அசையும். 250 மில்லிமீட்டர் அகலத் தேக்கில் ஈரம் மூன்று சதவீதம் மாறினாலே குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் மாறக்கூடும், அதுவும் அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்கில். எல்லா வளையங்களிலும் அந்தப் பென்சில் கோடு ஒரே நேரில் இருந்தால், சித்திரையிலும் ஐப்பசியிலும் கிண்ணம் முழுவதும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். ஒரு வளையத்தை அதன் அண்டை வளையத்துக்குக் குறுக்காகத் திருப்பி ஒட்டினால் இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுக்கும். பத்துப் பதினைந்து பாகை திருப்புவதால் கெடுதல் இல்லை. பலகையின் நடுவில் வேறு நிற மரத்தில் அறுத்த மெல்லிய பட்டை ஒன்றை முன்பே ஒட்டி வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் சிறிது சிறிதாகத் திருப்பி அடுக்கினால் அந்தப் பட்டை சுருள்போல ஏறிவரும். மஞ்சள் பலாவும் கறுத்த வாகையும் சேர்ந்தால் மிக அழகு. ஆனால் பலாவின் மஞ்சள் வெளிச்சத்தில் மெல்ல மெல்லப் பழுப்பாகும். இன்று தெரியும் நிற வேறுபாடு ஐந்தாண்டு கழித்து இருக்காது என்று தெரிந்தே செய்யுங்கள். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் அடங்காது. முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

அறுத்து முடித்த வளையம் மிக மெல்லியது. நார் குறுக்கே ஓடும் இரண்டு இடங்களில் பிஸ்கட்போல ஒடியும். ஒடிந்தால் எறிய வேண்டாம், அதே இடத்தில் பசை வைத்துச் சேர்த்தால் போதும்.

இப்போது முகத்தைத் தட்டையாக்கும் வேலை. கிண்ணம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். சமையலறை வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றின்மேல் 120-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வளையத்தின் முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கல்லின்மேல் வைத்து எட்டுப் போடுவதுபோல தேயுங்கள். பத்துத் தேய்ப்புக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் சில இடங்களில் கிறுக்கல் அழிந்திருக்கும், சில இடங்களில் கறுப்பு அப்படியே இருக்கும். கறுப்பு இருக்கும் இடம் பள்ளம். கடைசிக் கிறுக்கல் போகும்வரை தேய்க்க வேண்டும், ஆனால் ஒரு விரலால் ஒரு பக்கத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, வளையம் சாய்ந்துவிடும். பிறகு இரண்டு வளையங்களைப் பசையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்மட்டத்தில் தூக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்பவும் கல்லுக்குப் போங்கள். அந்த வெளிச்சத்தைப் பசையால் அடைத்துவிடலாம் என்று நினைத்தால், கடைந்து முடித்த பிறகு அதே இடத்தில் கறுப்புக் கோடு ஒன்று வளையத்தைச் சுற்றி ஓடும்.

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே தேய்த்த அன்றே ஒட்டுங்கள். ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோன் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்து உலரவிடுங்கள். பசைக்குச் சாதாரண வெள்ளைப் பசையே போதும். தண்ணீர் படும் கிண்ணமென்றால் தண்ணீர் தாங்கும் வகையாக வாங்குங்கள். எபாக்ஸி இடைவெளியை நிரப்பும் என்பார்கள். தட்டையாக்கியவருக்கு அது தேவைப்படாது. மெல்லிய படலமாக இரண்டு முகத்திலும் தடவி, கோட்டோடு கோடு பொருத்தி, இலேசாக முன்னும் பின்னும் அசைத்து, ஓரிரு நிமிடம் விடுங்கள். உடனே அழுத்தினால் ஈரப் பசையில் வளையம் வழுக்கி இடம் மாறும். பிறகு இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்து, நான்கு மூலையிலும் நீளப் போல்ட்டுகளைச் சமமாக முடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் அம்மிக்கல்லை ஏற்றி வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வளையம் என்பதே நிதானம். எல்லா வளையங்களையும் முதலில் சேர்த்து, உள்பக்கம் வழிந்த பசையைச் சுரண்டித் தேய்த்து முடித்த பிறகு, கடைசியாக அடித்தட்டை ஒட்டுங்கள். அடி திறந்திருக்கும்போது கை இரண்டு பக்கமும் போகும். மூடிவிட்டால் அந்த மூலையில் உப்புத்தாள் எட்டாது.

கடைசல் இயந்திரம் இல்லாமலும் முடிக்கலாம். படி இல்லாமல் அறுத்திருந்தால் மிச்சமிருப்பது தேய்ப்பு மட்டுமே. கை டிரில்லில் மாட்டும் பஞ்சுத் தேய்ப்பான்கள் உள்பக்கத்துக்கு, பட்டைத் தேய்ப்பான் வெளிப்பக்கத்துக்கு. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை ஒரு நாள் வேலை இருக்கும். இயந்திரம் இருந்தால் ஒட்டி முடித்து முழுதாக ஒரு நாள் கழித்தே சுழற்றுங்கள். ஒரு கார்த்திகை மாதம், மழை ஈரத்தில் பசை காய்ந்ததாக நம்பி நான்கு மணி நேரத்தில் சுழற்றினேன். மூன்றாவது வளையம் கழன்று முகத்துக்கு அருகே பறந்து சுவரில் மோதி மூன்றாக உடைந்தது. அன்றுமுதல் முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் இல்லாமல் நான் விசையைத் தொட்டதில்லை. வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: அங்குல விட்டத்தை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வரவேண்டும். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. தொடக்கத்தில் 600-ஐத் தாண்டாதீர்கள். வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய்க்கும், உட்புறத்தை வாயிலிருந்து அடிக்கும் கடையுங்கள், நார் பிய்யாது.

மிஞ்சியவை அகலப் பலகைகள் அல்ல, இரண்டு அங்குலச் சட்டத் துண்டுகள்தான் என்றால், வளையத்தைத் துண்டுகளால் கட்டும் வழி இருக்கிறது. சிறு மரத்துண்டுகளை இரண்டு முனையிலும் சாய்த்து வெட்டி, வட்டமாகச் சேர்ப்பது. பன்னிரண்டு துண்டு என்றால் ஒவ்வொரு முனையிலும் 15 பாகை; பதினாறு என்றால் 11.25. சூத்திரம் எளிது, 180-ஐத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. 200 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்குப் பன்னிரண்டு துண்டும் வெளிப்பக்கத்தில் 53.6 மில்லிமீட்டர் நீளம். பிழை பெருகும் விதம்தான் பயங்கரம்: ஒரு வெட்டில் 0.1 பாகை பிசகினால் இருபத்து நான்கு வெட்டில் 2.4 பாகை, கடைசி இணைப்பு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்கு மருந்து, வளையத்தை இரண்டு பாதியாக ஒட்டுவது. எதிரெதிர் இணைப்புகள் இரண்டில் பசை வைக்காமல் பல்குச்சி ஒன்றைச் செருகிவிட்டு, சைக்கிள் டியூபைக் கீறியெடுத்த ரப்பர் பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். காய்ந்ததும் பாதிகளைப் பிரித்து, அந்த முனைகளை மட்டும் கிரானைட் கல்லில் தேய்த்து நேராக்கிச் சேர்த்தால் எல்லாப் பிழையும் அங்கே கரைந்துவிடும். முனைகள் பசையை உறிஞ்சும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, சில நிமிடம் கழித்து மறுபடி தடவி ஒட்டுங்கள். வளையங்களை அடுக்கும்போது செங்கல் சுவர்போல இணைப்பின்மேல் இணைப்பு வராமல் அரைத் துண்டு தள்ளி வையுங்கள்.

இதில் அடித்தட்டுதான் ஆபத்து. துண்டு வளையத்தில் நார் வட்டத்தைச் சுற்றி ஓடுவதால் அதன் விட்டம் மாறாது. முழுப் பலகையில் வெட்டிய அடித்தட்டோ குறுக்கே சுருங்கும். ஒரு மழைக்காலத்தில் 150 மில்லிமீட்டர் அடித்தட்டை அப்படி ஒட்டினேன். பங்குனியில் ஓர் இரவு சடக்கென்று சத்தம் கேட்டது, காலையில் பார்த்தால் தட்டு நாரோடு இரண்டாகப் பிளந்திருந்தது. அடித்தட்டு 75 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்த இழுப்பு தாங்கக்கூடியது. பெரிதாக வேண்டுமென்றால் வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் காடி (ஒடுங்கிய பள்ளம்) எடுத்து, தட்டைப் பசையில்லாமல் அதற்குள் மிதக்கவிடுங்கள். நீங்கள் செய்த கதவில் சட்டத்தின் காடிக்குள் பலகை மிதக்கிறதே, அதே காரணம்தான்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தேங்காய் எண்ணெய் உலராது. நாளாக நாளாக மரத்துக்குள் சிக்கடிக்கும். எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு மறுபூச்சு கொடுங்கள். பழம், முறுக்கு, கடலை என்று உலர்ந்தவற்றுக்குக் கிண்ணம் தலைமுறை தாங்கும். கொதிக்கும் குழம்பையோ ஊறவைத்த பாத்திரத் தண்ணீரையோ அதற்குக் காட்டாதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.